மேனேஜர் வேலையும் என் இடது தோளும்

கேமரன் மலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மலருக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் இங்கே நலம். அம்மாவுக்கு மட்டும் மழைக்கால இருமல் இருக்கிறது, மழை விட்டால் அதுவும் விட்டுவிடும். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா வாங்கிக்கொள்கிறாள், அப்புறம் அவள் சொல்வதுதான் செய்தி. இது நானே முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டிய விஷயம். எஸ்டேட்டில் புதிதாக ஒன்றுமில்லை. பேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு நான்கு புது ஃபேன் வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டு நாகப்பன் மாமா ரிட்டயர் ஆகி பீடோருக்குப் போய்விட்டார், அவர் முப்பத்தொரு வருடம் இருந்த வீட்டில் இரண்டே நாளில் வேறு பூட்டுத் தொங்கியது. பள்ளி விடுமுறை என்பதால் கியா பார்ம் பக்கம் தலைகாட்ட முடியவில்லை, ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் மூன்று மணி நேரம் அப்படியே நிற்கின்றன.

சொல்ல வந்தது இதுதான். ஸுல்கிஃப்லி மாமாவை உனக்குத் தெரியும், மாநிலக் கால்பந்து அணியில் பத்து வருடம் என்னோடு ஆடியவன், தானா ராத்தாவில் அவன் அத்தா கடை ரொட்டி சானாய்க்காக நீ அழுவாய். இப்போது அவன் கீழே பேராக்கில் சுங்கை பாரு கிளப்புக்குத் தலைவர். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்தான். கிளப்பின் மேனேஜர் பாதியில் விலகிவிட்டாராம், சீசனில் நான்கு ஆட்டம் மிச்சம், சரியாக முடித்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாமாம். "நீ கீப்பரா நின்னப்ப பின்னாலேருந்து பத்துப் பேரையும் நீதானே ஓட்டுன, இப்ப வெளிய நின்னு ஓட்டு லா" என்றான். எனக்குக் கோச்சிங் லைசென்ஸ் இருக்கிறது, எடுத்து எட்டு வருடமாகிறது, அதை வைத்து எஸ்டேட் அணியைத் தவிர எதையும் நடத்தியதில்லை. பேர் எடுத்த ஆட்டக்காரன் நல்ல மேனேஜர் ஆவான் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆகாமல் போனவர்கள் ஐந்தாறு பேரை எனக்கே தெரியும். இன்னொன்று, இந்தப் பேக்டரி வேலையை விட்டால் குவாட்டர்ஸையும் விட வேண்டும். ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க கூப்பிட்டாங்கன்னு போகாதீங்க, உங்களுக்கு வேணும்னா போங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் எஸ்டேட் துரையிடம் ஒரு மாதம் லீவு வாங்கிக்கொண்டு நான்கு ஆட்டத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம், அடுத்தது சமம், மூன்றாவதும் ஜெயித்தோம். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், தோற்காமல் இருந்தால் போதும். அணியின் கேப்டன் ஜெகதீஸ்வரன், முப்பத்து நான்கு வயது, முன்வரிசைக்காரன், அந்த ஊர் ஜனங்களுக்கு அவன்தான் கிளப். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பந்து வைக்கிற அறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். காற்சட்டையைத் தூக்கிக் காட்டினான். வலது முட்டி பப்பாளிப் பழம் மாதிரி வீங்கியிருந்தது. "அண்ணே, ஊசி போட்டுக்கிட்டு ஆடிடுறேன். தொண்ணூறு நிமிசந்தானே. யார்கிட்டயும் சொல்லாதீங்க, இதான் எனக்குக் கடைசி" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கே போன வாரம்தான் தெரியும். ஜெகா சொன்ன அதே வார்த்தைகளை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது நாங்கள் இறுதி ஆட்டத்தில் தோற்றோமே, அதற்கு மூன்று நாள் முன் பயிற்சியில் என் இடது தோள் கழன்றுவிட்டது. அப்போது மேனேஜர் அமிர்தலிங்கம் சார், அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொல்ல வேண்டாம், ஆடிவிடுகிறேன் என்று கெஞ்சினேன், அவரும் விட்டார். இரண்டு கோலும் இடது பக்கம் உயரத்தில் போயின, கை மேலே போகவே இல்லை. கை ஆட்டத்தில்தான் பிசகியது என்று எல்லோரும் நினைத்தார்கள். காப்பு வரிசையைத் தப்பாக நிறுத்தினார் என்று பேப்பரில் எழுதி அவரைத்தான் நீக்கினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவர் மலையேறி என்னைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்தது நீ. "உங்களாலதான் எங்க அப்பா தோத்தாரு" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாய். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே திரும்பிப் போனார். நான் உள்ளறையில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து வரவில்லை.

ஜெகாவிடம் பதில் சொல்வதற்கு முன் மறுநாள் காலை கோப்பெங்கில் இருக்கிற அமிர்தலிங்கம் சார் வீட்டுக்குப் போனேன். வயது எழுபத்தாறு. மேசை ஃபேனைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தோள் விஷயத்தைப் பேசினேன். என் மேல் இருந்த பாசத்தில் ஆட விட்டீர்கள், அதற்கு நீங்கள் பழி சுமந்தீர்கள் என்று சொன்னேன். அவர் ஃபேன் இறக்கையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீ கேட்டதுக்காகவா விட்டேன்? நீ கேக்கலைன்னாலும் விட்டிருப்பேன். ஸ்டேடியம் பூரா உன் பேரச் சொல்லிக் கத்துறான், உன்னை உக்கார வச்சிட்டு அங்க நிக்க எனக்குத் தைரியமில்ல. பாசமில்லடா, பயம்" என்றார். எனக்கு லேசாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அவர் ஃபேனைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டு, காற்று வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன்.

அங்கிருந்து நேராக மைதானத்துக்குப் போய் ஜெகாவிடம், நாளைக்கு நீ இல்லை என்று சொன்னேன். அவன், "நீங்க பெரிய ஸ்டார், உங்களுக்கு எங்க வலி என்னண்ணே தெரியும்" என்றான். என் தோளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொன்னால் என்னைப் புரிந்துகொள் என்று அவனிடம் கேட்பது போல ஆகிவிடும், அது அவன் வேலை இல்லை. ஆட்டத்தில் எண்பத்து மூன்றாவது நிமிடம் கோல் வாங்கித் தோற்றோம். மேல் டிவிஷன் வாய்ப்பு போயிற்று. ஜனங்கள் அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள், ஒரு தண்ணீர் பாட்டில் என் முதுகில் விழுந்தது, நல்லவேளை பாதிதான் தண்ணீர் இருந்தது. ஏன் கேப்டன் இல்லை என்று நிருபர்கள் கேட்டார்கள், என் முடிவு என்று சொன்னேன். முட்டியைப் பற்றி அவன்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல. ஸுல்கிஃப்லி, "அவனை இறக்கி விட்டிருந்தா முடிஞ்சிருக்கும் லா" என்று சொல்லிவிட்டு முகம் பார்க்காமல் போய்விட்டான்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. நான் பேக்டரிக்குத் திரும்பிவிட்டேன். ஒருநாள் கொழுந்து எடை எழுதுகிற தாளைத் திருப்பினால் பின்பக்கம் பதினோரு ஆட்டக்காரர்களின் பெயரை எழுதியிருந்தேன், எப்போது எழுதினேன் என்று ஞாபகமில்லை. அப்போதுதான் எனக்கு வேண்டும் என்று தெரிந்தது. பிறகு ஸுல்கிஃப்லி கூப்பிட்டான், இரண்டு வருடத்துக்கு எடுக்கிறோம், ஆனால் யார் ஆடுவது என்பதைக் கமிட்டியைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றான். அப்படியானால் வேறு ஆளைப் பார் என்று போனை வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து, கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தான், அந்தக் கமிட்டி வரியை அடித்துவிட்ட ஒப்பந்தப் பேப்பரோடு. ஜெகாவுக்கு ஆபரேசன் ஆகிவிட்டதென்றும் சொன்னான். "அன்னைக்கு ஆடியிருந்தாலும் இதே ஆபரேசன்தானாம், டாக்டர் சொல்றாரு" என்றான். அப்படியென்றால் ஆட விட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். அந்த முட்டியோடு அவன் மறுபடி வந்து நின்றாலும் முடியாது என்றுதான் சொல்வேன். அது தெரிந்த பிறகு கையெழுத்துப் போட்டேன். ஜெகா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருந்தாலும் இருப்பான்.

வருடக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்கிறோம். அம்மா கம்பாரில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறாள், வெயிலை நினைத்து இப்போதே புலம்புகிறாள், ஆனால் திரைத்துணிக்கு அளவெடுத்துவிட்டாள். உன் பள்ளிக்கூடப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன, எதை வைப்பது எதை விடுவது என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

மறக்காமல் ஒன்று. அன்று கோப்பெங்கிலிருந்து கிளம்பும்போது அமிர்தலிங்கம் சார், "அந்தப் பாப்பா எப்படியிருக்கு" என்று கேட்டார். அவர் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம், நீ மன்னிப்புக் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. அன்றைக்கு நீ சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை உள்ளறையில் படுத்திருந்தவன் எழுந்து வந்து சொல்லியிருக்க வேண்டும்.

உன் அப்பா,
புவனேஸ்வரன்