பாக்கி நிற்கும் ஒரு பெனால்டி

அனுப்புநர்
எவாஞ்சலின் (வயது 34),
க/பெ. டேனி,
பெனிஷா தையலகம்,
மூக்கண்டப்பள்ளி, ஓசூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: எல்லைக் கோப்பைக் கால்பந்துப் போட்டி – வரும் 03.08.2025 ஞாயிற்றுக்கிழமை தொடக்க ஆட்டம் – இரு தரப்பு ஆதரவாளர்களும் ஆயுதங்களுடன் தயாராவது – கொலை நடக்கும் முன் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் தையல் கடை நடத்தி வருகிறேன். மூக்கண்டப்பள்ளி லெவன் ஸ்டார்ஸ் அணிக்கும் அதன் ஆதரவாளர்களுக்கும் ஒவ்வொரு சீசனும் உடை தைத்துக் கொடுப்பது என் கடைதான். என் கணவர் டேனி ஆதரவாளர் மன்றத்தில் டிரம் வாசிப்பவர். நானும் தைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரும் ரகம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கத்திய கத்தில் தொண்டை கட்டிப்போய், திங்கட்கிழமை வாடிக்கையாளர்களிடம் சைகையில் அளவு கேட்டவள். எனவே இந்த மனுவைக் கால்பந்து பிடிக்காத ஒருத்தி எழுதியது என்று தாங்கள் எண்ண வேண்டாம். ஆட்டத்தைத் தடை செய்யச் சொல்லி நான் வரவில்லை. ஞாயிறு அன்று திடலில் ஓர் ஆள் சாகப்போகிறான். அதைத் தடுக்கச் சொல்லி வந்திருக்கிறேன்.

2. கடந்த பிப்ரவரி 23 அன்று ஏரிக்கரைத் திடலில் நடந்த சென்ற சீசனின் இறுதி ஆட்டத்தில் எங்கள் அணியும் குருபரப்பள்ளி ஹைவே பாய்ஸ் அணியும் மோதின. ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. அவர்களுடைய ஐந்தாவது பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டார். அத்துடன் இரு தரப்பும் நான்கு நான்கு கோல். எங்கள் அணியில் தானிஷ் என்ற இளைஞர் அடிக்க வேண்டிய ஒன்று மட்டும் பாக்கி. அது உள்ளே போனால் கோப்பை எங்களுக்கு. மூக்கண்டப்பள்ளிக்கு இதுவரை எந்தக் கோப்பையும் வந்ததில்லை. தானிஷ் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்கு மேல் ஆட்டம் நடக்கவில்லை.

3. பந்தை அடிக்கும் முன்பே எங்கள் கோல்கீப்பர் கோல் கோட்டிலிருந்து நகர்ந்துவிட்டார் என்று சொல்லி, குருபரப்பள்ளியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் முனிவேல் என்பவர் திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் பின்னால் ஒரு கும்பல். கைகளில் இரும்புப் பைப்பும் பைக் செயினும் இருந்தன. கோபத்தில் அங்கே கிடந்ததை எடுத்து அடித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். கால்பந்துத் திடலில் பைக் செயின் தானாக முளைப்பதில்லை என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வருகிறேன். அடி, கொட்டு, ஹொடி என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் மூன்றும் எல்லோருக்கும் புரியும்.

4. கோல் வலையை அறுத்து, அதிலேயே எங்கள் ஆதரவாளர் ஒருவரைச் சுருட்டி, உருட்டி உருட்டி உதைத்தார்கள். வலையின் கட்டம் கட்டமான அச்சு அவர் முகத்தில் பல நாள் இருந்தது. திடல் ஓரத்தில் பிரியாணி விற்கும் அஸ்மத் பாயின் அடுப்பைக் கவிழ்த்ததில் கொதித்துக்கொண்டிருந்த தால்ச்சாக் குழம்பு அவர் இரண்டு கால்களிலும் கொட்டியது. என் கணவருக்குக் கழுத்திலிருந்து டிரம்மைக் கழற்றக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. அதோடு சேர்ந்து மல்லாக்க விழுந்தார். முனிவேல் அவர் மேல் காலை வைத்து நின்று பைப்பால் அடித்ததை நான் நேரில் பார்த்தேன். கணவர் முகத்தைக் கையால் மறைத்தார். கையில் அடித்தார். கை விழுந்ததும் முகத்தில் அடித்தார். வலது கண் போய்விட்டது. வலது கையில் மூன்று விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. அந்த நேரத்தில் நான் முனிவேலின் முழங்கையைக் கடித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். இன்னும் ஆழமாகக் கடித்திருக்க வேண்டும் என்று இன்றும் வயிறு எரிகிறது.

5. எங்கள் தரப்பும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் வந்த மினி லாரியின் டிரைவரை இழுத்துப் போட்டுத் தாடையை உடைத்தார்கள். அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கீழே இறங்காதவர், ஆட்டத்தைக்கூடப் பார்க்காதவர். பிறகு வண்டிக்குத் தீ வைத்தார்கள். தீ வைத்தவர்களில் என் தம்பி வெஸ்லினும் ஒருவன்.

6. இதன் பேரில் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு இரு தரப்பும் அழைக்கப்பட்டோம். கண் போனதற்கு வழக்கு என்றால் வண்டி எரிந்ததற்கும் வழக்கு, வெஸ்லின் உள்ளே போவான், கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையும் போகும் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. என் கணவர் என்னைக் கேட்கவில்லை. சமாதானம் என்று எழுதிய தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். பிறகு இருவரும் கை குலுக்க வேண்டும் என்றார்கள். வலது கையில் கட்டு இருந்ததால் அவர் இடது கையை நீட்டினார். அதற்கு முனிவேல் முகம் சுளித்து, “பெரிய மனுசங்க இருக்கற எடத்துல நொட்டாங்கையயா நீட்டுவ?” என்று கேட்டார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் எதற்கும் சிரித்து நான் பார்க்கவில்லை.

7. இப்போது புதிய சீசனுக்காகப் போட்டிக் குழுவினர் திடலில் ஒழுங்கு காக்கும் தொண்டர்கள் என்று ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். வம்பு செய்பவனிடமே பொறுப்பைக் கொடுத்தால் வம்பு வராது என்பது ஏற்பாடு செய்தவர்களின் கணக்கு. அதன்படி முனிவேலுக்கு ஆரஞ்சு நிற மேல்சட்டையும் விசிலும் ஒரு தடியும் கொடுத்து, எங்கள் ஆதரவாளர்கள் வரும் கிழக்கு வாசலில் நிறுத்தப்போகிறார்கள். என் கணவர் திடலுக்குள் போக வேண்டுமானால் முனிவேலிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். இதற்கு மேல் நான் என்ன எழுத முடியும் ஐயா?

8. இது போதாதென்று போட்டிக் குழு இன்னொரு முடிவும் எடுத்திருக்கிறது. பாதியில் நின்ற இறுதி ஆட்டத்துக்கு முடிவு தெரியாமல் புதிய சீசனைத் தொடங்கக் கூடாதாம். ஆகவே ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, அதே திடலில், அதே கோலில், தானிஷின் பாக்கிப் பெனால்டியை முதலில் அடிக்க வைத்து, அது தவறினால் இரு அணிக்கும் மேலும் ஒவ்வொன்றாக அடிக்க வைத்து, கோப்பையைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அதே இரண்டு அணிகளையும் தொடக்க ஆட்டத்தில் மோதவிடப்போகிறார்கள். பந்து உள்ளே போனால் அவர்கள் கயிற்றைத் தாண்டுவார்கள். வெளியே போனால் எங்கள் பையன்கள் தாண்டுவார்கள்.

9. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தப் பெனால்டியைப் பார்க்க வேண்டும். தானிஷ் ஐந்து மாதமாக ஷிப்ட் முடிந்து வந்து, தொழிற்பேட்டைச் சுவரில் சுண்ணாம்பால் கோல் வரைந்து, அதன் ஒரே மூலைக்கு அடித்துப் பழகுகிறார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்கள்கூட ஞாயிறு அன்று இடதுபக்கம் அடிப்பாரா வலதுபக்கமா என்று பேசிக்கொள்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பையன்களும் எங்கள் அணிச் சட்டை கேட்டு வருகிறார்கள். என் கணவர் வேலைக்குப் போவதில்லை, டிரம்மைத் தொடுவதில்லை, யாரோடும் அதிகம் பேசுவதில்லை. இதைப் பற்றி மட்டும் கேட்டால், “அதப் பாக்க ஒரு கண்ணு போதும்” என்கிறார். அவரை வீட்டில் இரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டார்.

10. ஆயுதம் தயாராவது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இனி தெரிவிக்கிறேன். ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் ஆதரவாளர்களுக்கு வெள்ளைச் சட்டையும் நீல டிராக் பேண்ட்டும் தைப்பது வழக்கம். இந்த ஆண்டு ஆர்டர் கொண்டு வந்தவன் வெஸ்லின். வெள்ளை வேண்டாம், எல்லாம் மெரூன் நிறத்தில் வேண்டும் என்றான். கறை தெரியாதாம். பேண்ட்டில் இடது தொடையின் உள்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலிருந்து இடுப்பு வரை நீளமாக ஒரு பை வேண்டும் என்றான். அதற்குக் கேன்வாஸ் துணி வைத்து இரட்டைத் தையல் போடச் சொன்னான். எதற்கடா என்று கேட்டேன். “கொடிக்கம்பு வெக்கறதுக்குக்கா” என்றான். மாதிரிக்கு ஒன்று தைத்தேன். அதைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, காலை மடக்கினால் இடிக்கிறது, இன்னும் உள்ளே தள்ளித் தை என்றான். எங்கள் கொடிக்கம்பு ஆள் உயரம் இருக்கும் ஐயா. அந்தப் பையில் அடங்குவது கம்பு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணி முழுவதையும் தெருவில் வீசினேன். அவன் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் வேறு கடையில் கொடுத்துவிட்டான். நான் தைத்த அந்த ஒரே பேண்ட்டை ஒளித்து வைத்திருந்தேன். அதை இம்மனுவுடன் இணைத்துள்ளேன். பையின் வாய் எங்கே இருக்கிறது என்று தங்கள் காவலர்கள் கையை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

11. அடுத்த சில நாட்களில் குருபரப்பள்ளிப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். நூலும் பட்டனும் வாங்கும் கடையில் ஏற்பட்ட பழக்கம். “எக்கா, உங்க ஊரு பசங்க பேண்ட்டுக்குள்ள நீளமா பாக்கெட்டு கேட்டாங்களா? இங்கயும் கேட்டாங்க. நான் பாட்டுக்கு எல்லாத்தையும் தெச்சுக் குடுத்துட்டனே” என்று அழுதார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் அந்த ஊரில் பிழைக்க வேண்டும். தாங்கள் தனியாகக் கேட்டால் சொல்கிறேன்.

12. என் வீட்டுப் பரண்மேல் ஒரு பைப் இருந்தது. வெஸ்லின் அதன் ஒரு முனையைத் தட்டையாக அடித்து, கிரைண்டரில் கூர் ஏற்றியிருந்தான். பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருந்தான். கம்பெனியில் அவன் பார்ப்பது அந்த வேலைதான், சுத்தமாகச் செய்திருந்தான். எடுத்துக்கொண்டு போய் ஏரியில் போட்டேன். மறுவாரம் அதே இடத்தில் இன்னொன்று இருந்தது. அவனை உட்கார வைத்து, முனிவேலை நீ குத்தினால் உன் மாமாவுக்குக் கண் திரும்பி வருமா என்று கேட்டேன். “மாமா கையெழுத்துப் போட்டது எனக்காகத்தான? அவன் அந்த ஆரஞ்சு சட்டையோட வீட்டுக்குத் திரும்பிப் போவ மாட்டான். நீ இதுல வராத” என்றான். பேசும்போது அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தில் கத்துகிறவனைப் பிடித்து உட்கார வைக்கலாம். இவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், வேலைக்குப் போய் வருகிறான், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறான்.

13. ஆட்டத்தையே நிறுத்திவிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நிறுத்தினால் இரண்டு கூட்டமும் பைபாஸில் நின்று வெட்டிக்கொள்ளும். அங்கே கயிறுகூட இருக்காது. ஆகவே ஆட்டம் தங்கள் பாதுகாப்பில் நடப்பதே நல்லது. அதற்காகக் கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

அ) முனிவேலைத் தொண்டர் குழுவிலிருந்து நீக்க வேண்டும். ஒரு மனிதனின் கண்ணைப் பறித்த செயலைச் சமாதானத் தாள் மூடாது. அவர் மீது முறையாக வழக்குப் பதிய வேண்டும். வண்டி எரிந்ததற்கும் டிரைவரின் தாடைக்கும் எங்கள் தரப்பின் மீதும் பதியட்டும். எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆ) இரண்டு வாசலிலும் காவலர்களே நின்று சோதனை செய்ய வேண்டும். பையைப் பார்த்தால் போதாது, பேண்ட்டின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பெண்களையும் விட வேண்டாம். சென்ற முறை செயின்கள் உள்ளே வந்தது சாப்பாட்டுக் கூடையில் என்று பேச்சு இருக்கிறது.

இ) அந்தக் கோலின் பின்னால் ஆதரவாளர்கள் யாரையும் நிறுத்தாமல் காவலர்களை நிறுத்த வேண்டும்.

14. கடைசிக் கோரிக்கை ஒன்று இருக்கிறது. என் தம்பி வெஸ்லினை (வயது 24) சனிக்கிழமை இரவே பிடித்து, ஞாயிறு ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும் வரை காவலில் வைக்க வேண்டுகிறேன். குற்றம் நடக்காமல் தடுக்க ஒரு நாள் வைத்திருக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் போதும். எங்கள் அம்மா போன பிறகு என் கையில் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். அவன் ஆயுள் முழுக்கச் சிறையில் இருப்பதை விட ஒரு நாள் லாக்கப்பில் இருக்கட்டும். வீட்டில் வைத்துப் பிடிக்க வேண்டாம். தெருவே திரண்டு வந்து மறித்துவிடும். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் இறங்குவான், அங்கேயே பிடிக்கவும். திமிறுவான், தயவுசெய்து அடிக்க வேண்டாம். யார் காட்டிக்கொடுத்தது என்று கண்டிப்பாகக் கேட்பான். சொல்லாமல் விட்டால் வேறு யாரையாவது நினைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் அவர்களை அடிக்கப் போவான். ஆகவே மனு கொடுத்தது அவன் அக்காதான் என்று அவனிடமே சொல்லிவிடுமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை நம்பி,
(ஒப்பம்) எவாஞ்சலின்

இடம்: மூக்கண்டப்பள்ளி
நாள்: 28.07.2025