கெபி ஓரத்துப் பெட்டி

அடைக்கல மாதா துணை

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மழை நன்றாகப் பெய்து கொல்லையில் நிலக்கடலை திரண்டு நிற்கிறது, பூங்குழலி வீட்டு மாடு கன்று போட்டது, சீம்பால் கொடுத்தனுப்பினாள். உன் சுகத்தை மாதா பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய், போனில் பேசும்போது பக்கத்திலேயே மாப்பிள்ளை இருக்கிறார், எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்கிறாய், அதனால்தான் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதி, அரியலூர் போகும் அப்பாவிடம் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கோகுலகிருஷ்ணன் என்று புது எஸ்.ஐ. வந்திருக்கிறார். ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே சனம் பயப்படுகிறது என்று, கோயில் மதிலோரம் மாதா சொரூபம் இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் புகார்ப் பெட்டி ஒன்று வைத்தார். திருவிழா நேரம், யாரோ அதற்கும் சேர்த்து மாலையைப் போட்டுவிட, மேலே இருந்த எழுத்து மறைந்துபோனது. மாதாவுக்கு விண்ணப்பம் போடுகிற பெட்டிதான் என்று பெண்களெல்லாம் எழுதிப் போட்டோம், நானும் போட்டேன். அவர் திறந்து படித்துவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டு பங்குச்சாமியாரிடம் போய் நின்றாராம். மாதாவுக்கு எழுதியதைப் போலீஸ்காரன் எப்படிப் படிக்கலாம் என்று ஊரே கொதித்தது, அப்பாதான் முதல் சத்தம். முன்பு நம் போர்வெல் மோட்டார் திருடு போனதென்று புகார் கொடுக்கப் போனவரை ஸ்டேஷனில் நாளெல்லாம் பெஞ்சில் உட்கார வைத்து, என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினார்களே, அது இன்னும் ஆறவில்லை. எஸ்.ஐ. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார், போலீஸ் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. சீட்டுகளையும் திருப்பிக் கொடுத்தார். செல்வம்மாள் மட்டும், புருசன் குடியை விடணும் என்று எழுதியதை வாங்கவில்லை, இருக்கட்டும் சார், மாதாவும் படிக்கட்டும் நீங்களும் படிங்க என்றுவிட்டாள்.

என் சீட்டு அதில் இல்லை. சாயந்திரம் அவர் யூனிபார்ம் போடாமல், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நம் வீட்டுக்கு நடந்து வந்தார். மத்ததெல்லாம் மாதா பாத்துக்குவாங்கம்மா, இதை மட்டும் திருப்பித் தர எனக்கு மனசு வரல, யாரோடதுன்னு சாமியார்கிட்ட கேட்டுத்தான் வந்தேன் என்றார். புனேயில் என் மகள் அடி வாங்குகிறாள் என்று மனசு சொல்கிறது, காப்பாற்று தாயே என்றுதான் எழுதியிருந்தேன். அங்க லேடி போலீஸ் இருக்காங்க, போய்ப் பாக்கச் சொல்றேன், ஆனா உங்க பொண்ணு சரின்னு சொல்லாம ஓரடி எடுத்து வைக்க மாட்டேன் என்றார். அப்பா சத்தமே போடவில்லை, அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து, இவனை நம்பலாமா சாந்தி என்று என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும். காலையில் நம்பலாம் என்று படுகிறது, மத்தியானம் இவர் வேறு ஸ்டேஷனுக்கு மாறிப்போனால் யாரிடம் போய் நிற்பது என்று பயமாக இருக்கிறது. போலீஸ் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன பிறகு மாப்பிள்ளை உன்னை என்ன செய்வாரோ. நான் நினைப்பதே தப்பாக இருந்தால் உன் குடும்பத்தை நானே கெடுத்தவள் ஆவேன். சும்மா இருந்துவிட்டு நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எப்படி உயிரோடு இருப்பேன்.

அதனால் உன்னையே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கடலை பிடுங்கியாச்சா அம்மா என்று கேள், அது போதும், எஸ்.ஐ.யிடம் சரி என்று சொல்லிவிடுவேன். நீ கேட்காவிட்டால் நானும் கடலைப் பேச்சை எடுக்க மாட்டேன். சாப்பிடாமல் டியூட்டிக்குப் போகாதே, படித்ததும் இதைக் கிழித்துப் போடு. மாதா உன்னை விட்டு நகராமல் இருக்கட்டும். நீ கேட்க வேண்டும் என்று வேண்டுவதா, கேட்கக் கூடாது என்று வேண்டுவதா தெரியாமல்தான் தினமும் கெபி முன்னால் போய் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாமல் இருக்கும் உன் அம்மா
சாந்தி மேரி