ஐயா மோந்து பார்த்த மண்

மதுரை
1936, ஆவணி

ஐயாவுக்கும் ஆத்தாவுக்கும் ராமர் கும்பிட்டு எழுதுவது. நான் நல்ல சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நம்ம மலையில, போளூர்ல மழை உண்டா, பூண்டு பிடுங்கியாச்சா? நீங்க கொடைக்கானல் சந்தைக்கு வர்றப்ப இதைப் படிச்சுச் சொல்ற பூண்டுக்கடை இப்ராம்சா பாய்க்கும் என் சலாம்.

ஐயா, என்னைச் சேர்க்க மதுரையில இருக்கிற ரெண்டு காலேஜையும் பார்க்க வந்தப்ப, ரெண்டு இடத்து மண்ணையும் அள்ளி மோந்து பார்த்தீங்க. "ஏலே, அது கல்லாங்காடா கெடக்கு. இது நல்ல மண்ணு, இங்கனயே படி"ன்னு சொன்னீங்க. நீங்க சொன்னபடியே இங்கே நிழலுக்கும் தண்ணிக்கும் குறைவில்லை. சாயங்காலமானா மைதானத்துல எல்லாரும் பந்து விளையாடுறாங்க. போன வாரம் வெயில்ல எனக்கு லேசாக் கண்ணைக் கட்டுச்சு. சோடா வாங்கிக் கொடுத்தாங்க, சரியாப் போச்சு. ஆத்தா கொடுத்த கம்பளியை இந்த ஊர்ல போர்த்த முடியாது, தலைக்கு வச்சுப் படுக்கிறேன். யாராவது மதுரைக்கு வந்தா ரெண்டு பூண்டு தாளோட கொடுத்துவிடுங்க. சமைக்க இல்லை, பெட்டிக்குள்ள போட்டு வைக்கத்தான்.

இப்ராம்சா பாய், இதுக்குக் கீழ உள்ளதை ஐயாவுக்குப் படிக்க வேண்டாம். இங்கிலீஷ்ல நடத்துற பாடம் ஒண்ணும் எனக்கு ஏறலை. அந்தக் கல்லாங்காட்டுக் காலேஜ்ல வாத்தியார்களே விடுதிக்கு வந்து கூட உட்கார்ந்து சொல்லித் தர்றாங்க. அங்கே போய்க் கெஞ்சினேன், இனி இடமில்லைன்னுட்டாங்க. இங்கே பேச ஒரு ஆள் இல்லை. புஸ்தகத்தைத் திறந்தாலே அழுகையா வருது.

தபால் எடுக்கிற நேரமாச்சு. ஐயா கேட்டா, மண்ணு நல்ல மண்ணுதான்னு மட்டும் சொல்லுங்க. நான்தான் முளைக்கலை.

ராமர்