நடுவில் பேசிய பெட்டி

காலையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்தத் தீய்ந்த வாடைக்கு நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். கூடவே கோபமும் வந்தது. உங்கள் மேல் இல்லை, அந்தப் பெட்டி மேல்.

நம் ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனியிலிருந்து வேலை முடிந்து வரும்போது வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதில் கை கால் தப்பித்தது, கவனம் போய்விட்டது. எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிடுவீர்கள். ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகுதான், லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸுக்குச் சமைக்கப் போகும்போது சிலிண்டரை மூடி, உங்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்ட ஆரம்பித்தேன்.

"கட்டுன புருஷனைப் போய் பூட்டி வக்கிறியே, யாரு திருடிக்கினு போவப் போறா?" என்று ஜன்னலில் நின்று சிரிப்பீர்கள். அதைப் பார்க்க முடியாமல் வேகமாக நடப்பேன். யார் துணையும் இல்லாமல் ஒரு டீயை முழுசாகப் போட்டுக் காட்டினால் இனிமேல் பூட்டுவதில்லை என்று சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி படிக்கிற பெண் வந்தாள். கவனம் சிதறுகிறவர்களுக்கு மெஷின் துணையாக இருக்க முடியுமா என்று பார்க்கிற படிப்பாம். சட்டைப் பையில் வைக்க ஒரு சின்னப் பெட்டி கொடுத்தாள். அதற்குள் அவள் குரல்தான். "டீ போட்டுக்கிட்டிருக்கீங்களா? ஆமான்னா பட்டனை அமுக்குங்க." போகப் போக அதுவே உங்களைப் புரிந்துகொள்ளும் என்றாள்.

நீங்கள் எங்கே பட்டனை அமுக்கினீர்கள்? பொம்பளப் பிள்ளை கேட்கிறதே என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாம்மா, தோ போட்டுக்கினுதான் இருக்கேன். நீ சாப்ட்டியா?" என்பீர்கள். பட்டன் அமுங்காததால், இவருக்குக் கவனம் இல்லை என்று பெட்டி முடிவு கட்டும். இன்னும் அடிக்கடி கூப்பிடும். நீங்களும் சளைக்காமல் பதில் சொல்வீர்கள். பின்னால் பால் வழியும்.

"அவர்தான் வாயால சொல்றாரே, அதுக்குக் காது இல்லியா?" என்று அவளிடம் கேட்டேன்.

"கத்துக்கும்க்கா. கொஞ்சம் டைம் குடுங்க."

"பால் காத்துக்கினு இருக்குமா?"

அவள் உட்கார்ந்து, நீங்கள் டீ போடுவதைக் கடைசிவரை பார்த்தாள். "அவர் கை வேலை செய்யறப்போ இது வாயைத் திறக்கக் கூடாதுக்கா. அவர் அப்படியே நின்னுட்டாதான் பேசணும். மாத்திக் கொண்டாறேன்" என்று பெட்டியை வாங்கிப் போனாள்.

போனவள் வர நாளானது. "பாப்பா வந்துச்சா?" என்று தினமும் கேட்பீர்கள். வருவதற்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்த பிறகு வந்து வாசலில் நின்றாள், கையில் பெட்டியோடு. "இப்போ சரியா பண்ணுதுக்கா" என்று சொல்லி அழுதாள். எனக்குத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. வேறு யாரோ ஒருத்தர் வீட்டில் இப்போது அது நன்றாக வேலை செய்கிறதாம். செய்யட்டும். உங்களுக்குச் செய்யவில்லையே.

இன்றைக்கும் வேலைக்குப் போகும்போது கதவைச் சாத்துவதோடு சரி. "பூட்டாம போறியே, எவனாவது பூந்துட்டா?" என்று எதிர்வீட்டு அக்கா சத்தம் போடுகிறார். பூட்டு என் பையில்தான் கிடக்கிறது. கையில் எடுத்தால் கண் ஜன்னலுக்குப் போய்விடுகிறது.