மலேசியாவுக்குப் போகும் புளி

மார்ச் 4, புதன்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாற்ற வேண்டும். மாடித் தொட்டி கழுவ ஆள் சொல்ல வேண்டும்.

பத்தரைக்குக் கடிதம். நல்லம்பள்ளி பெண்கள் புளிக் குழு மலேசியக் கம்பெனிக்கு அனுப்பிய மாதிரியின் சோதனை முடிவு. புளியில் உப்பு இருக்கிறதாம். படிவத்தில் ‘சேர்ப்புப் பொருள்: இல்லை’ என்று இருக்கிறது. அவர்களுக்காக எழுதியது நான். கையெழுத்தும் என்னுடையது. எழுதியதும் மூட்டைக்குள் இருப்பதும் வேறாக இருப்பதால், மாவட்ட ஏற்றுமதிக் குழு விளக்கம் தரும்வரை கொள்முதல் நிறுத்தம் என்கிறது அந்தக் கம்பெனி.

முப்பது பெண்களுக்கும் இதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். மாவட்ட ஏற்றுமதிப் பட்டியலிலிருந்து குழுவின் பெயர் போனால் இந்த வருஷமும் சந்தையில் தரகர் சொன்ன விலைதான்.

மதியம் மோர் மட்டும்.

மார்ச் 5, வியாழன்

காலை பஸ்ஸில் நல்லம்பள்ளி. கொட்டகையில் புளி தட்டும் சத்தம். குழுத் தலைவி பாக்கியத்திடம் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். எல்லாக் கைகளும் நின்றன. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

புளி அடைப்பதில் முனியம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. அவர்தான் வாய் திறந்தார். “ஒரு பிடி போட்டேங்க டீச்சர். கடல் தாண்டிப் போற புளி, கெடாம போவட்டும்னு.”

“எதுவும் சேர்க்கலன்னு சொன்னீங்களே?”

“ஆமாங்க. உப்பு சேர்மானமா? சோத்துல என்னா இருக்குதுன்னு கேட்டா தண்ணின்னா சொல்வோம்?”

யாரும் பொய் சொல்லவில்லை. இங்கே உப்புப் போடாமல் புதுப் புளியை அடைக்கிற வீடு கிடையாது. நான் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் கேட்டு எழுதினேன். விடைத்தாளைப் பிரிக்காமலே மார்க் போட்ட மாதிரி.

மார்ச் 7, சனி

முழங்கால் வலி பரவாயில்லை. கரண்ட் இரண்டு முறை போனது. முருங்கைக்காய் பக்கத்து வீட்டிலிருந்து, ஆறு.

சலீம் பாய் போன். தர்மபுரியில் புளி மண்டி வைத்திருப்பவர், மாவட்டக் குழுவில் வியாபாரிகள் சார்பில் இருக்கிறார். நான் உற்பத்திக் குழுக்கள் சார்பில்.

“டீச்சர், லேப்ல தப்புன்னு ஒரு லெட்டர் போட்டுருங்க. வேற சாம்பிள் அனுப்பிக்கலாம். உங்க கையெழுத்து இருக்குது, உங்க பேரு கெட்டுப்பூடும்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு மணி நேரம் எனக்கும் அது சரியென்று பட்டது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு தோன்றியது. தப்பாக எழுதிய வரியை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே சரியாக எழுதிய பிள்ளைக்கு எப்போதும் முழு மார்க் போட்டிருக்கிறேன். எச்சில் தொட்டு அழித்தவன் தாளில் ஓட்டைதான் விழும்.

மார்ச் 9, திங்கள்

அடுத்த திங்கள் நடக்கும் மாவட்டக் குழுக் கூட்டத்துக்குப் பாக்கியத்தை அழைத்தேன். “நானா? கலெக்டர் ஆபீஸ்லயா? வாயி ஒட்டிக்கும் டீச்சர்.”

“உனக்கா?” என்றார் முனியம்மா. “நேத்து கண்டக்டரு கிட்ட என்னா பேச்சு பேசின. பாவம், அந்தாளு டிக்கெட்டே கிழிக்கல.”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கடிதம் வந்தபின் முதல் சிரிப்பு.

அந்தக் குழு எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன். பள்ளியில் கால அட்டவணை போடுமுன் தலைமையாசிரியர் எல்லோரையும் கேட்பார். முடிவு அவர் கையில்தான். ஆனால் விளையாட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருந்தால் உச்சி வெயிலில் பி.டி. பீரியட் வந்து விழும். மாவட்டக் குழுவும் அப்படித்தான். நாம் சொல்வதை எழுதி மேலே அனுப்பும். டெல்லியில் வணிகக் கொள்கைக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் கைக்கும் அது போகும்.

“நாம சொல்றது அவ்வளவு தூரம் போவுதா?” பாக்கியம். கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். “சரி, வரேன்.”

இரண்டு மாதிரி தயார். உப்பில்லாதது ஒன்று, உப்புப் போட்டது ஒன்று. உப்பில்லாததை முனியம்மா இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்தார். “ஆடிக்குள்ள கறுத்துப்பூடும், பாருங்க.” குளிர்பதனக் கிடங்கு பற்றிக் கேட்க வேண்டும். (குறித்துக்கொண்டேன்.)

மார்ச் 16, திங்கள்

கூட்டம் 11 மணி. பாக்கியம் பச்சைப் புடவை, கையில் இரண்டு பொட்டலம்.

எங்கள் முறை வந்ததும் எழுந்தேன். படிவம் தவறு, தவறு என்னுடையது, நேரில் பார்க்காமல் எழுதினேன் என்றேன். சலீம் பாய் மேஜையைப் பார்த்தார். கூட்டத்தை நடத்திய அதிகாரி பேனாவை மூடி, திறந்து, “இனி உங்க குழு சொல்றதை எப்படிம்மா நம்பறது?” என்றார். நியாயமான கேள்வி.

பாக்கியம் எழுந்துவிட்டாள். “ஒண்ணு கேக்கலாங்களா? உப்பு சேத்தது தப்புங்களா, சொல்லாம சேத்தது தப்புங்களா?”

“சொல்லாததுதாம்மா.”

“அப்போ சொல்லிட்டுச் சேக்கலாங்களா?”

சலீம் பாய் தொண்டையைச் செருமினார். “சேக்கலாங்க. அங்க இருக்கற நம்ம ஆளுங்க உப்புப் புளிதான் கேக்கறாங்க. எங்கிட்டயே கேட்டிருக்காங்க.”

பாக்கியம் அவர் பக்கம் திரும்பினாள். “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல பாய்.” அவரே சிரித்துவிட்டார்.

முடிவு: பெயர் பட்டியலில் நீடிக்கும். இரண்டு மாதிரியும் இரண்டு சரக்காகப் போகும். சிறு குழுக்களின் படிவத்தை அனுப்புமுன், செய்கிற இடத்துக்கே வந்து ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பது இந்த மாவட்டத்தின் ஆலோசனையாக மேலே போகிறது. அதிகாரி எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். பாக்கியத்தின் கேள்வியையும் அப்படியே எழுதியிருந்தார்.

கிடங்கு பற்றி: ‘பரிசீலனை’. பார்ப்போம்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு கரும்புச் சாறு. அடுத்த கூட்டத்துக்கு என் இடத்தில் பாக்கியம் போகட்டும் என்றேன். மறுக்கவில்லை. ஐஸ் வேண்டாம் என்று கடைக்காரரிடம்தான் சண்டை.

ஏப்ரல் 2, வியாழன்

லேசான மேகம். மழை இல்லை.

கம்பெனி பதில் வந்துவிட்டது. உப்பில்லாத புளி, ஆர்டர் உறுதி. உப்புப் போட்டது, கடைகளில் வைத்துப் பார்த்துச் சொல்வார்களாம். பாக்கியத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். முனியம்மாவாம். நம்ப முடியவில்லை.

புதுப் படிவம் நான்கு பக்கம். இந்த முறை கொட்டகைக்கே எடுத்துப் போனேன். வரி வரியாகப் படித்தேன், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்தத் தண்ணீர், எந்தப் பாய், எத்தனை நாள் வெயில். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி, சண்டை போட்டு, ஒன்றான பிறகு எழுதினேன்.

‘தயாரிப்பாளர் பெயர்’ என்ற இடத்துக்கு ஒரே ஒரு வரி. யார் பேர் என்று கேட்டேன். “எல்லார் பேரும்” என்றாள் பாக்கியம். தனித்தாள் எடுத்து இணைத்தேன். இருபத்தாறாவது பெயரில் மதியச் சோறு வந்துவிட்டது.