கோடிச் சேலையோடு சந்தைக்குப் போன லூர்துக்கு

என் கூடப் பிறந்த செல்லமே, லூர்து,

நீ திருடவில்லை. கிறிஸ்துமஸ் சந்தையில் அத்தனை ஜனம் கேட்க, மைக்கில் உன் பேரையும் ஊரையும் சொல்லித் திருடி என்றார்கள். அது பொய் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அதே மைக்கில் வந்து, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்த அநியாயம் இவ்வளவுதான். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. கோயில் மாதப் பத்திரிகையில் உனக்கு நினைவஞ்சலி போட இடம் தருகிறேன் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். எழுதிக்கொண்டு போனேன். முதல் நாலு வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா அந்தோணியம்மா இது? நெனவஞ்சலின்னா செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதணும்."

"அவ திருடலன்றதுதான் மொத நல்ல வார்த்த. அத்த எழுதிட்டுதான் மத்தது" என்றேன்.

போடுவாரோ மாட்டாரோ. போடாவிட்டால் என் மெழுகுவத்திக் கடைச் சுவரில் ஒட்டுவேன். எனக்கு யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தே கற்றுக்கொண்டேன். கற்றது இதற்கு உதவாவிட்டால் வேறு எதற்கு உதவும்?

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ரேஷனில் துணி அளந்து கொடுத்த கண்ட்ரோல் காலம் அது. உன் வீட்டுக்காரர் சூசை கியூவில் நின்று உனக்கு ஒரு மில் சேலை வாங்கி வந்திருந்தார். பச்சையில் சிவப்புக் கரை. நம் பக்கம் புதுச்சேலையை எப்படிக் கட்டுவோம்? தண்ணீரில் நனைக்க மாட்டோம். முந்தானையில் மில்காரன் ஒட்டின தங்கத்தாள் சீட்டைக் கிழிக்க மாட்டோம். புதுவருஷப் பூசை முடிகிறவரை அது கோடி. சீட்டு மினுக்க மினுக்க நாலு பேர் பார்க்கத் தெருவில் நடந்தால்தான் பண்டிகை.

நீ எண்ணூரிலிருந்து பண்டிகைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாய். மறுநாள் பட்டணம் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனேன். முதலில் ராயபுரம் கோயில் தெருக் கடைகள். அச்சு முறுக்கும் கல்கலும் எண்ணெய் வாசனையோடு கூடை கூடையாக இருந்தன. குடிலில் வைக்கிற மண் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அக்கா, இந்த ஆட்டுக்குட்டி நாயாட்டம் கீது. இத்தப் பாத்தா கொழந்த ஏசு அழுதுடும்" என்றாய். கடைக்காரனே சிரித்துவிட்டான்.

அப்புறம் ட்ராம் ஏறிச் சைனா பஜார். கண்ணாடி உருண்டைகள், வண்ணக் காகிதத் தோரணம், சவுக்கு மரக் கிளையில் பஞ்சு பஞ்சாக ஒட்டி வைத்திருந்தார்கள். "இன்னாக்கா, மரத்துக்கு அடி கிடி பட்டுதா? பஞ்சு வெச்சிகீறாங்க" என்றாய். அது பனி, வெள்ளைக்காரன் ஊரில் டிசம்பர் மாதம் அப்படித்தான் கொட்டும் என்று சொன்னேன். "நம்ம ஊர் பனிக்குச் சளிதான் வருது" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது அந்தப் பஞ்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாய். அந்த ட்ராமையும் இப்போது நிறுத்திவிட்டார்கள், லூர்து. தண்டவாளம் மட்டும் அங்கங்கே கிடக்கிறது.

கடைசியாகத்தான் சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய சந்தைக்குப் போனோம். ராட்டினம், பொம்மைக் கடை, சிவப்புச் சட்டையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு பஞ்சுத் தாடியால் விசிறிக்கொள்கிற கிறிஸ்துமஸ் தாத்தா. நான் வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நீ என் தோளை உரசிக்கொண்டு நின்றாய். சட்டையில் பேட்ஜ் குத்தின ஒரு கமிட்டிக்காரர் உன் முந்தானையையே பார்த்தபடி வந்தார்.

"ஏம்மா, இந்தச் சேலை எங்க எடுத்தது?"

அவர் சீட்டைப் பார்க்கிறார் என்று உனக்குப் பெருமை. சீட்டுக் கிழிக்காத சேலை கடையில் சுட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். "கோடிங்க" என்றாய்.

அவர் திரும்பிக் கடை வரிசையின் கோடியைப் பார்த்தார். அங்கே கடைசியாக ஒரு துணிக்கடை இருந்தது. "கோடியிலயா?"

"ஆமாங்க, கோடிதான்."

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னீர்கள். நீ புதுச்சேலை என்றாய். அவர் கோடிக் கடை என்று கேட்டார். உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "கோடிக் கடையில எடுத்தேன்னு அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா" என்று கத்தினார். நான் கத்தினது யார் காதிலும் ஏறவில்லை. உன் பேர் என்ன, ஊர் எது என்று கேட்டார்கள். நீ மரியாதையாகப் பதில் சொன்னாய். அது உடனே மைக்கில் வந்தது. எண்ணூர் லூர்தம்மாள் என்கிற பெண் சேலை திருடிப் பிடிபட்டிருக்கிறாள், பொதுமக்கள் தங்கள் சாமான்களை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவும் என்று.

துணிக்கடைக்காரர் ஓடி வந்தார். "நம்ம கடையில பட்டு மட்டும்தான் சார் இருக்கு. மில் சேலையே கிடையாதே" என்றார். பேட்ஜ்காரர் உன் முந்தானையை விட்டார். "சரி சரி, இந்தப் பக்கமாப் போங்க" என்று பின்வாசலைக் காட்டினார். மைக்கில் சொல்லுங்கள் என்று நான் நகராமல் நின்றேன். "பாட்டு ஓடுதும்மா" என்றார்.

திரும்பி வரும்போது ட்ராமில் நீ சொன்னாய்: "போவட்டும்க்கா. நான் திருடலன்னு உனக்குத் தெரியும், மாதாவுக்குத் தெரியும்." ஜனத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்தச் சந்தைக்கு எண்ணூர்க்காரர்களும் வந்திருந்தார்களே. நீ வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டது. அதற்கப்புறம் நீ தண்ணீர்க் குடத்தோடு போனால், "லூர்து வர்றா, கொடியில கீற துணிய எடுங்கடி" என்பார்களாமே? நீயும் கூடச் சிரித்துக்கொண்டே போவாயாம். உன் மகள் எலிசா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ என்னிடம் சொல்லவில்லை. பண்டிகைக்கு ராயபுரம் வருவதையும் நிறுத்திவிட்டாய். கேட்டால் கால்வலி என்றாய். கால்வலி இருந்ததா, லூர்து?

இப்போது எலிசா சேதி. திருவொற்றியூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் கீது. மைக்குல சொன்னாங்களே, அந்த வூடுதானே இது?" என்று கேட்டாள். அதோடு முடிந்தது. நான் அழுவேன் என்று எலிசா நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. "பெரிம்மா, கல்யாணம் கெடக்கட்டும். எங்கம்மாவத் திருடின்னு சொன்னாங்களே, அத்த அவங்களே வந்து இல்லன்னு சொல்லணும்" என்றாள். உன் முகம்தான். ஆனால் பிடிவாதம் என்னுடையது.

மறுநாளே சந்தைக் கமிட்டி ஆபீசுக்குப் போனேன். செயலாளர் இளம் வயது, நல்ல மாதிரி. நாற்காலி கொடுத்தார்.

"அது பழைய கமிட்டிம்மா. நாங்க வேற."

"மைக்கு அதே மைக்குதானே ஐயா?"

"மைக் வாடகைக்கு எடுக்கிறதும்மா."

குற்றம் இல்லை என்று ஒரு காகிதம் எழுதித் தருகிறேன் என்றார். வாயால் சொன்னதை வாயால்தான் எடுக்க வேண்டும் என்றேன். குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று இலவச டிக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

பழைய கமிட்டி என்றாரே, அந்தப் பேட்ஜ்காரர் உள்ளறையில்தான் இருந்தார். தலை நரைத்துவிட்டது. தெற்கத்திக்காரர், பட்டணத்தில் கடை வைத்திருக்கிறாராம். என்னை அவருக்குத் தெரியவில்லை, உன் பேரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. "அந்த அம்மாதானே கோடின்னு ஒத்துக்கிட்டாக" என்றார். இத்தனை வருஷமும் அந்த மனிதர் அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார், லூர்து. துணிக்கடைக்காரர் வந்து சொன்ன பிறகும். நான் சொல்லின் அர்த்தத்தைச் சொன்னேன். புதுத்துணியை நாங்கள் கோடி என்போம் என்றேன்.

"எங்க ஊர்ப்பக்கம் கோடின்னா செத்த வீட்டுல போடுறதும்மா. பண்டிகைக்கு உடுத்துறத எவன் கோடின்னு சொல்லுதான்?"

"இப்போ அதுக்கும் அதே சேலையத்தான் ஐயா உடுத்தினோம்" என்றேன்.

ஆமாம், உன்னிடம் சொல்லவில்லையே. நீ அந்தச் சேலையை அதற்கப்புறம் கட்டவே இல்லை. பெட்டியின் அடியில் இருந்தது. நீ போன அன்றைக்கு எலிசா அதை உனக்கு உடுத்திவிட்டுச் சீட்டைக் கிழிக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மைக்கில் சொல்லச் சொன்னதற்குப் பேட்ஜ்காரர் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தமா, யோசிக்கிறேன் என்று அர்த்தமா? எதுவாக இருந்தாலும் நான் அங்கே நின்று காத்திருக்கவில்லை. வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். சந்தைக்கு மைக் செட் கட்டுகிற காதர் பாய் அங்கேதான் இருக்கிறார். அன்றைக்கும் அவர் செட்டுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"மைக்கு என்னுதும்மா. பாட்டு மாத்தற நேரத்துல நான் குடுக்கறேன். ஆனா கமிட்டி ஆளு பேசணும். நான் பேசினா ஜனம் லேகிய விளம்பரம்னு நெனச்சுக்கும்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று சிரித்தேன்.

ஆக, இந்த டிசம்பரில் நடக்க வேண்டியது இது. சந்தையில் கூட்டம் நிறைந்திருக்கிற சாயங்காலம் காதர் பாய் பாட்டை நிறுத்த வேண்டும். பாட்டு ஓடுகிறது என்று இந்தத் தடவை யாரும் சொல்லக் கூடாது. செயலாளர் மேடையேறி, எண்ணூர் லூர்தம்மாள் திருடவில்லை, எங்கள் சந்தையில் அவரைத் திருடி என்று சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். பேரும் ஊரும் விடக் கூடாது. அன்றைக்கு விடவில்லை அல்லவா? 'வருந்துகிறோம்' என்று மொட்டையாகச் சொல்லி இறங்கினால் நான் மறுபடி ஏற்றுவேன்.

பேட்ஜ்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். கோடி என்ற சொல்லைத் தான் தப்பாக எடுத்துக்கொண்டதை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் மேல் எனக்கு இப்போது பழைய கோபம் இல்லை. அதற்காக விட்டுவிட மாட்டேன்.

சூசை வலை, கடல் என்று சாக்குச் சொல்லாமல் வர வேண்டும். உன்னைக் கேலி பேசின பெண்களில் நாலு பேரையாவது எண்ணூரிலிருந்து அவரே கூட்டி வர வேண்டும். அவர்கள் காதால் கேட்காமல் வேறு யார் கேட்டும் பிரயோஜனம் இல்லை. எலிசா முன்வாசல் வழியாக வந்து மேடைக்கு நேராக நிற்க வேண்டும். திருவொற்றியூர் அம்மாள் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

உபதேசியார் இதை ஒரு வரியும் வெட்டாமல் அச்சில் போட வேண்டும்.

இவர்களில் யார் தங்கள் வேலையைச் செய்யாவிட்டாலும் என் வேலை நிற்காது. சந்தை திறக்கிற நாளிலிருந்து மூடுகிற நாள் வரை முன்வாசலில் முக்காலி போட்டு உட்காருவேன். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் உன் கதையைச் சொல்வேன். இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷமும் உட்காருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உனக்கு ஒரு வேலையும் இல்லை, லூர்து. கேட்டதற்கெல்லாம் நீ அன்றைக்கே மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டாய். இனி அவர்கள் பேசட்டும்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்காக இன்னும் நின்றுகொண்டிருக்கிற
உன் அக்கா,
அந்தோணியம்மாள்
ராயபுரம்