விசேஷம் இல்லாத நாளில் வந்த பரிசுகள்

மாதாவே துணை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
வியாழக்கிழமை

என் அன்பு மகள் சோஃபிக்கு,

அம்மா இருதயமேரி எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே நலம் என்று நானாக எழுதிவிடாமல் இந்த முறை உன்னிடமே கேட்கத்தான் இந்தக் கடிதம். வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் போனுக்கு வரும் செய்தியை மாப்பிள்ளைதான் முதலில் படிக்கிறார் என்று பொங்கலின்போது நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், அதனால்தான். நம் எதிர்வீட்டு ஆன்-மரி லீவு முடிந்து பாரிசுக்குத் திரும்புகிறாள், தமிழ்ப் பூசை முடிந்ததும் தனியாக உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வெளியே ஆண்களோடு பேசிக்கொண்டு நிற்கும்போது நீ பெண்கள் காபி ஊற்றும் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடு. வீட்டுக்கு எடுத்துப் போகாதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கால் வீக்கம் வடிந்துவிட்டது, சாயங்காலம் பழையபடி பெத்தாங் குண்டு எறிந்து ஆடக் கிளம்பிவிடுகிறார், தோற்றுவிட்டு வந்து தரை சரியில்லை என்கிறார். போன மழைக்குத் தெருவில் நின்ற தண்ணீர் நம் பரிசுக் கடை வாசற்படி வரை வந்து இறங்கியது, பொருள் எதுவும் நனையவில்லை. கடை நன்றாக நடக்கிறது. பாட்டுப் பைத்தியத்துக்கும் கைவேலைப் பைத்தியத்துக்கும் என்ன வாங்கிக் கொடுப்பது என்று தெரியாதவர்களெல்லாம் நம் கடையைத் தேடி வருகிறார்கள். நானும் வக்கீல் மாதிரி உட்கார்ந்து விசாரிக்கிறேன். பாடுகிறவருக்குப் பாட்டு சம்பந்தமாக எதையும் கொடுக்காதீர்கள், அது அவரிடமே இருக்கும், அதிமதுரமும் பனங்கற்கண்டும் போட்டு, மூடியைச் சுற்றிய துணியில் அவருக்குப் பிடித்த பாட்டின் முதல் வரியைத் தைத்த டப்பா கொடுங்கள் என்பேன். கிடார் வாசிப்பவருக்குத் தோள்பட்டையில் பெயர் பின்னிய வார். தைக்கிறவளுக்குத் துணி வேண்டாம், பிசிறில்லாமல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலும் அதற்கு மெத்தென்று ஓர் உறையும். இரண்டும் தெரிந்தவர் என்றால் சாவி முறுக்கினால் பாடும் பெட்டி, உள்ளே நூல்கண்டு வைக்கத் தனித்தனி அறை. இந்தப் பெட்டிக்குத்தான் இப்போது கிராக்கி. இப்படித்தான் தவக்காலம் தொடங்கின சமயத்தில் வினோத்குமார் என்று ஒருவர் காரில் வந்து இறங்கினார்.

நல்ல சட்டை, மெதுவான பேச்சு, தவளக்குப்பத்தில் சொந்த வீடு என்றார். மனைவி வயலின் வாசிப்பாள், பூத்தையலும் போடுவாள், அவளுக்கு மனசு குளிர்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார். தையல் சட்டத்தை மேசையில் நிற்கிற மாதிரி செய்து கொடுத்தேன். கூடவே ஓர் அட்டையில் என் கையெழுத்திலேயே 'மன்னிச்சிடு, இனிமே நடக்காது' என்று எழுதச் சொன்னார். புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ சின்னச் சண்டை, அதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று எனக்கு மனசு நிறைந்துபோய்விட்டது, நீங்கள் ஒரு நாளாவது இப்படிச் செய்ததுண்டா என்று அப்பாவைக் கேலிகூடச் செய்தேன். கொஞ்ச நாளில் திரும்ப வந்தார், பாடும் பெட்டி வேண்டும் என்றார், அதே அட்டை. பிறகு கத்தரிக்கோலும் உறையும், அதே அட்டை. போன தடவை கொடுத்தது அவர்களுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். 'புடிக்கணும்' என்றார். புடிச்சுது என்று சொல்லவில்லை, அது எனக்கு அப்போதே உறுத்தியது, ஆனால் அடுத்த வேலை வந்ததும் மறந்துவிட்டேன். கடைசியில் வயலினைத் தாடையில் வைக்கும் இடத்துக்கு ஒரு மெத்தை உறை கேட்டார். அளவு வேண்டும், வயலினைக் கொண்டு வாருங்கள் என்றதற்குக் கொண்டு வந்தார். கழுத்துப் பக்கம் உடைந்து பசை போட்டு ஒட்டியிருந்தது, ஒரு தந்திகூட இல்லை. கீழே விழுந்துவிட்டது என்றார். தந்தி இல்லாத வயலினுக்கு மெத்தை எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேட்கவில்லை.

அந்த உறையைத் தைத்து முடித்த வாரம் கடலூரில் ஒரு கல்யாணம். போகிற வழிதானே, நாமே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தவளக்குப்பத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. திரும்பலாம் என்று பார்த்தால் ஜன்னலுக்குள் ஒரு பெண் நிற்கிறாள், உன் வயசு இருக்கும். இனியா என்று பெயர். என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பொட்டலத்தைத்தான் பார்த்தாள். 'நீங்கதான் அந்தக் கடையா' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 'மொதல்ல அடி, அப்புறம் மன்னிப்பு, அப்புறம் உங்க பாக்கெட்டு. இப்பல்லாம் அடி வாங்கும்போது அழுக வரதில்ல ஆன்ட்டி, உங்க ரிப்பனப் பாத்தாதான் வருது' என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, மளிகைக் கடையில் சாமான் கேட்கிற மாதிரி சொன்னாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் நான் செய்து கொடுத்தவை எல்லாம் கட்டுப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. இடது கை விரல்கள் இரண்டு கோணிப்போய் இருந்தன. 'இந்தக் கையில ஊசியும் புடிக்க முடியாது, தந்தியும் அமுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்' என்றாள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். போன் அவளிடம் இல்லை, அண்ணன் இளம்பரிதி விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான் என்று மட்டும் சொன்னாள். நான் பதற்றத்தில் கைப்பழக்கமாக அந்தப் பொட்டலத்தை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போய் அந்த அண்ணனைத் தேடிப் பிடித்தோம். தங்கச்சிக்கு நம்மோடு பேசப் பிடிக்கவில்லை என்று அவன் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான், மச்சான் சொன்னதுதான். மறுநாள் மகளிர் போலீஸை அழைத்துக்கொண்டு போனால் வீடு காலி. பொட்டலம் உள்ளே கிடந்ததைப் பார்த்து, கொண்டு வந்த ஆள் அவளோடு பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று வினோத்குமாருக்குத் தெரிந்துவிட்டது. இனி அவனை அவர் என்று எழுத எனக்கு வரவில்லை. என்னால்தான் அந்தப் பெண் கண்ணில் படாமல் போனாள் என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். சோஃபி, இப்போது புரிகிறதா, இந்தக் காகிதம் உன் வீட்டுக்குள் போகக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்று.

சில வாரம் கழித்துப் புது நம்பரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. வேறு பெயர், ஓசூர் முகவரி, பாட்டும் கைவேலையும் பிடித்த பெண்ணுக்கு ஒரு பரிசு, அட்டையில் 'மன்னிச்சிடு, இனிமே நடக்காது'. கடை மாறிக் கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, அன்று பொட்டலம் கொண்டு வந்தது யாரோ கூலி ஆள், கடைக் கிழவிக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நினைத்திருப்பான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது, திரும்ப அடிபட்டிருக்கிறாள் என்றும் அதை வைத்துத்தான் தெரிந்தது. சரி அனுப்புகிறேன் என்று பதில் போட்டுவிட்டு முகவரியை இளம்பரிதியிடம் கொடுத்தேன். அவன் அங்கே போலீஸோடு போய் அழைத்து வந்துவிட்டான். இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறாள், கேஸ் நடக்கிறது. விரல் இரண்டும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் ஊரார் கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வாரம் இனியா அண்ணனோடு நன்றி சொல்ல நம் கடைக்கு வந்தாள். ரிப்பன் சுருளை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன், மேசைமேல் இருந்ததை மறந்துவிட்டேன். அங்கே தியரி மாப்பிள்ளைக்காக நான் எழுதி வைத்திருந்த அட்டை இருந்தது. 'பர்தோன், மா ஷெரி' என்று அவர் சொன்னபடி பிரெஞ்சில் எழுதியிருந்தேன். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, என்ன அர்த்தம் என்று கேட்டாள். என் மருமகன் என் மகளுக்குக் கொடுக்கிற கதோவோடு, பரிசோடு, வைக்கிற அட்டை, மன்னித்துக்கொள் என்று அர்த்தம் என்று நான் பெருமையாகவே சொன்னேன். 'அக்காவுக்குப் பொறந்தநாளா ஆன்ட்டி' என்று கேட்டாள். இல்லை என்றேன். கல்யாண நாளா என்றாள். இல்லை. 'கடைசியா அவங்கள நேர்ல பாத்தது எப்ப' என்றாள். நான் விரல் விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினேன். அவள் மேலே எதுவும் கேட்காமல் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மாப்பிள்ளை அனுப்பின செய்திகளை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதலில் உன் கிடாருக்கு வார் கேட்டார், 'அத்தை, சின்ன மனஸ்தாபம், நீங்கதான் காப்பாத்தணும்' என்று சிரிப்புப் பொம்மை போட்டு. அதை ஒட்டித்தான் நீ வீடியோவில் வராமல் நெட் சரியில்லை என்று குரலோடு நிறுத்திக்கொண்டாய். பிறகு குரோஷா பின்னல் ஊசிகளுக்குப் பெட்டி. அந்தச் சமயம் நல்ல வெயில் காலம், நீ கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு பேசினாய், சளி என்றாய். அப்புறம் பாடும் பெட்டி. அதற்குப் பிறகு கோயில் பாடகர் குழுவுக்கு நேரம் இல்லை என்று விட்டுவிட்டாய். ஒரு பாட்டு வாசியேன், அப்பா கேட்கட்டும் என்றபோது நீ கிடாரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாய். இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் அவர் அனுப்பின செய்தியைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டிருப்பது என்ன தெரியுமா. 'மணிக்கட்டுக்கு எதமா, மெத்துன்னு, கைவேல செய்யும்போது மாட்டிக்கிற மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்க அத்தை' என்று கேட்டிருக்கிறார். உன் மணிக்கட்டுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்து நினைத்து எனக்குக் கை ஓடவில்லை. அதை நான் செய்யப் போவதில்லை. துணி வரவில்லை என்று சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நன்றாகத் திட்டு, மாப்பிள்ளையிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். தப்பாக இல்லையென்றால் நான் சொல்வதைக் கேள். அவரிடம் இதைப் பற்றி எதுவும் பேசாதே, நியாயம் கேட்காதே, போகிறேன் என்று சொல்லாதே. பாஸ்போர்ட்டும் சர்ட்டிஃபிகேட்டும் கைக்கு எட்டுகிற இடத்துக்கு மாறட்டும். ஆன்-மரி ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், இதற்கு அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், எந்த நேரத்திலும் அவள் வீட்டுக் கதவைத் தட்டலாம். நம் வீட்டு மானம், ஊர்ப் பேச்சு, கல்யாணத்துக்குச் செய்தது எதையும் நினைக்காதே. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய்த் தன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அவருக்கு விசா தேவையில்லை, பெட்டியும் தயாராக இருக்கிறது.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன் தலைமேல் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போலச் 'சாப்பிட்டியா' என்று கேட்பேன். எல்லாம் நலம் என்றால் 'சாப்பிட்டேம்மா' என்று சொல், உண்மையிலேயே வயிறு காலியாக இருந்தாலும் அப்படியே சொல். அப்பா வர வேண்டும் என்றால் 'இன்னும் இல்லம்மா' என்று சொல். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம், நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
இருதயமேரி